உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது?

இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். வீடு தேவிகாபுரத்தில்; வேலை ஆரணியில், பதிவு அலுவலகத்துக்கு எதிரே. கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை, அடமானம், உயில் என்று கணக்கில்லாமல் எழுதியாயிற்று. ‘அப்படி ஒரு பத்திரம் கிடையாது’ என்று சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது ஒரே ஒரு தடவைதான். அது தப்பு என்று தெரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

வந்தவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். பெயரையும் தெருவையும் சொல்ல மாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர்களே சம்மதித்த பிறகுதான் இதையும் எழுதுகிறேன். மூத்தவள் தறியில் உட்காருபவள். இளையவள் தார் சுற்றுவாள், பாவு பிணைப்பாள், நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலிக் கணக்கு முடித்து வருவாள். கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா ஓட வேண்டும், ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு இளையவள்தான் உட்காருவாள். அப்படிப் பதினொரு வருடம் ஒரே தறி, ஒரே உலை. தெருவில் ‘அக்கா தங்கச்சி’ என்பார்கள். அவர்களும் மறுத்ததில்லை.

“அக்கா, எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பத்திரம் எழுதணும்” என்றாள் இளையவள்.

“வீட்டுக்கா?”

“வீடு இவங்க பேர்ல இருக்கு. அது இல்லக்கா. புருசன் பொண்டாட்டின்னா ஒருத்தருக்கு ஒண்ணுன்னா இன்னொருத்தர் வந்து நிக்கலாம் இல்ல, அது மாதிரி.”

மூத்தவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கை பேனாவை மூடி வைத்தது. “அப்படி ஒரு பத்திரம் கிடையாதும்மா” என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பத்திரம் எழுதுகிறவள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எதற்குப் பயப்படுகிறீர்கள்?’ என்பது. வேறு யார் வந்தாலும் கேட்டிருப்பேன்.

அடுத்த வருடம் ஆனி மாதம், தறியில் உட்கார்ந்திருக்கும்போதே மூத்தவளுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இளையவள்தான். அங்கே கேட்ட முதல் கேள்வி, “நீங்க அவங்களுக்கு யாரு?”

“கூட இருக்கேன்.”

“சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க.”

ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டார். உள்ளே போகிற பாஸ் தம்பி மனைவி பெயரில் தந்தார்கள். பதினொரு நாள் இளையவள் வெளித் திண்ணையில் கிடந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி தம்பி மனைவி வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் பாஸை இவள் கையில் வைத்துவிட்டு, அதே திண்ணையில் படுத்துக்கொண்டாளாம். அதற்குப் பிறகு எட்டு ராத்திரியும் அப்படியே.

இதைக் கேள்விப்பட்ட பிறகுதான் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். தீர்ப்புகள், சுற்றறிக்கைகள், தெரிந்த வக்கீல்களிடம் கேட்டது எல்லாம் சேர்த்து, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை. வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக ஆட்டி வைத்தது. வயது வந்தவர்கள் மனமொப்பிச் சேர்வது அதில் வராது என்று 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். ஏழு வருடம் தாண்டியும், ‘போலீஸ் பிடிக்குமா?’ என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பிடிக்க முடியாது.

கல்யாணமாகப் பதிவு செய்ய முடியாது. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம், திருமணம் என்பது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல, சட்டம் போடுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. திருமணம் இல்லாமல் வேறு ஒரு சட்ட அங்கீகாரமாவது தரலாமா என்ற கேள்வியில் இரண்டு நீதிபதிகள் தரலாம் என்றார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். மறு ஆய்வு மனுவும் 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் போனதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதற்கிடையில் 2024-இல் நம்மைப் போலக் குடும்பத்தைச் சாமியாகக் கும்பிடுகிற தாய்லாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 2025 ஜனவரி 23 முதல் அங்கே பதிவு நடக்கிறது.

திருநங்கையர் விஷயம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட கல்யாணத்தை இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும் என்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டார். ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்றார்.

குற்றமும் இல்லை, கல்யாணமும் இல்லை என்றால் நடுவில் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் கொஞ்சம் இருக்கிறது. மற்ற மாநிலத்தைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் மதுரையிலிருந்து கிளம்பிச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள்.

பெற்றவர்கள் ‘காணவில்லை’ என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடி வர, அந்தப் பெண்கள் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. அவர் செய்ததை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு முழுப் புரிதல் இல்லை, புரிந்துகொள்ளாமல் தீர்ப்பு எழுத மாட்டேன் என்று சொல்லி, வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் மாணவர் மாதிரி உட்கார்ந்து பாடம் கேட்டார். பெண்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நாற்காலியில் இருப்பவர் தெரியாததைத் தெரியாது என்று எழுத்தில் வைத்ததைப் படித்தபோது, பேனாவை மூடி வைத்த என் கை நினைவுக்கு வந்தது.

அந்த உத்தரவு நடைமுறையில் என்ன தருகிறது? பிள்ளையைக் காணவில்லை என்று புகார் வந்து, விசாரித்ததில் இருவரும் வயது வந்தவர்கள், விரும்பித்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். தொந்தரவு செய்யக் கூடாது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று எந்த வைத்தியரும் வைத்தியம் பார்க்கக் கூடாது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. அதே வருடம் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்த்தது. இந்தச் சமூகத்தவரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் போலீஸ்காரர் துன்புறுத்தினால் அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. இது வெறும் அறிவுரை இல்லை, விதி. ஸ்டேஷனில் யாராவது மிரட்டினால் ‘24-சி’ என்ற எண்ணைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கௌரவமாகக் குறிப்பிடத் தமிழில் சொல் வேண்டும் என்றும் அந்த நீதிமன்றமே கேட்டது. அரசு ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமை என்பவை இப்போது பத்திரிகையில் வருகின்றன. எங்கள் ஊரில் இன்னும் ‘கூட இருக்கிறவ’ என்றுதான் சொல்கிறார்கள். அதுவும் ஒன்றும் குறைந்த சொல் இல்லை.

சென்னை சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறேன். குடியாத்தம் எங்களைப் போலவே தறி ஊர். அந்தப் பக்கத்து இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியை அவள் வீட்டார் இழுத்துப்போய் அடைத்து வைத்தார்கள். அடித்தார்கள், அவளைச் ‘சரியாக்க’ ஏதேதோ சடங்கும் செய்தார்கள் என்று அவளே நீதிபதிகளிடம் சொன்னாள். அவளை மீட்டுத் தரும்படி ஆட்கொணர்வு மனு போட்டது அவளோடு வாழ்ந்த பெண். மனுவில்கூட ‘நெருங்கிய தோழி’ என்றுதான் தன்னைப் பற்றி எழுத முடிந்தது அந்தப் பெண்ணால். அந்தத் தயக்கத்தை நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் புரிந்துகொண்டார்கள். 2025 மே 22-ஆம் தேதி தீர்ப்பு: அவள் தன் விருப்பப்படி போகலாம், வீட்டார் தடுக்கக் கூடாது, தேவைப்படும்போது போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும். எல்லாத் தாயும் நீதிபதி லீலா சேத் மாதிரி இருக்க மாட்டார்கள் என்று அந்தத் தாயின் வேதனையையும் கனிவோடுதான் எழுதியிருக்கிறார்கள். தன் மகன், எழுத்தாளர் விக்ரம் சேத்துக்காக வெளிப்படையாகப் பேசிய அம்மா லீலா சேத். அந்தத் தீர்ப்பில் எனக்கு வேண்டியது ஒரு வாசகம்தான்: குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றே வழி அல்ல. தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இனி, நான் இல்லை என்று சொல்லி அனுப்பினேனே, அந்தப் பத்திரம். 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதே மதுரைப் பெண்களின் வழக்கில் அரசுக்கு ஒரு யோசனை சொன்னார். ‘டீட் ஆஃப் ஃபெமிலியல் அசோசியேஷன்’ என்று ஒன்றைப் பதிய வழி செய்யுங்கள் என்றார். குடும்ப இணைவுப் பத்திரம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு பேர் தாங்கள் ஒரு குடும்பமாக வாழ்வதாகப் பதிந்துகொள்வது. வீடு வாடகைக்குக் கேட்டாலும், வேலையிடத்திலும், தெருவிலும் யாரும் தொந்தரவு செய்யாதபடி எடுத்துக் காட்ட ஓர் ஆவணம். இதை எழுதும் நாள்வரை எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு ஆவண வகை வரவில்லை. வர வேண்டும். அரசு மனசு வைத்தால் இது பெரிய வேலையே இல்லை.

தமிழ்நாட்டால் முடியாது என்று சொல்பவர்களிடம் என் பாட்டி கதையைச் சொல்வேன். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் ஐயர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைக் கல்யாணம். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊரறிய வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் சட்டத்துக்கு யாரோ ஆகிவிட்டார்கள். பாட்டி நான்கு பிள்ளை பெற்றாள், தறிக்குக் கஞ்சி போட்டாள், பதினைந்து வருடம் யாரோவாகவே இருந்தாள். அப்புறம் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாட்டுக்கென்று சேர்த்தார்கள். 1967-இல் சட்டசபையில் நிறைவேறி, 1968-இல் நடைமுறைக்கு வந்தது. மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் போதும். இனிமேல் நடப்பது மட்டும் இல்லை, முன்னால் நடந்ததும் செல்லும் என்று எழுதியதுதான் அதில் பெரிய மனசு. வாழ்க்கை முன்னால் போனது, சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

சேரும்வரை என்ன செய்வது? இதுதான் என் தொழில், இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் உயில். மூத்தவள் அன்றைக்கே போயிருந்தால் வீடு யாருக்கு? இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, கல்யாணம் ஆகாத பெண்ணின் சொத்து தாய் தகப்பனுக்கு. அவர்கள் இல்லையென்றால் தகப்பன் வழி வாரிசுக்கு, அதாவது தம்பிக்கு. பதினொரு வருடம் கரை வாங்கியவளுக்குத் தறிக்குழியில்கூடப் பாத்தியதை இல்லை. சுயசம்பாத்தியச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், உறவு தேவையில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்தோ ரேகையோ, இரண்டு சாட்சிகள். பதிவு கட்டாயம் இல்லைதான். ஆனால் இந்த மாதிரி இடத்தில் பதிந்துவிடுங்கள் என்று கெஞ்சுவேன், பின்னால் ‘மனசு சரியில்லாதபோது எழுதி வாங்கிவிட்டாள்’ என்று யாராவது கிளம்புவார்கள்.

செட்டில்மென்ட் எழுதிவிடலாமே என்பார்கள். கணவன், மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர் போன்ற குடும்பத்தாருக்கு என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. இந்த இரண்டு பேரும் சட்டத்துக்கு அந்நியர், அதனால் 7 சதவீதம். போதாததற்கு, உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்தை இனாமாகப் பெற்றால் வருமான வரிச் சட்டம் அதை வருமானமாகவே பார்க்கும். உயில் வழியாக வந்தால் அந்த வரி இல்லை.

பவர் எழுதி வைத்தால் போதும் என்ற நம்பிக்கை ரொம்பப் பேருக்கு இருக்கிறது. கொடுத்தவர் இறந்தால் பவர் அன்றோடு முடிந்தது. புத்தி தவறிப்போனாலும் செல்லாது. எந்த நேரத்துக்காக எழுதுகிறார்களோ அந்த நேரத்தில் கை கொடுக்காது.

பேங்கில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினி போடலாம். தடை எதுவும் இல்லை என்று மத்திய நிதித் துறை 2024 ஆகஸ்டிலேயே தெளிவாக்கிவிட்டது. ‘ஐதர் ஆர் சர்வைவர்’, அதாவது இருவரில் யாராவது அல்லது மிஞ்சியிருப்பவர், என்று கேட்டுப் போடுங்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்குபவர்தான், வாரிசு அல்ல. அதனால் உயிலிலும் அந்தக் கணக்கைச் சேர்க்க வேண்டும். ரேஷன் கார்டிலும் இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களை ஒரே குடும்பமாக வைக்கும்படி மாநிலங்களுக்கு அதே சமயத்தில் கடிதம் வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் கிடைக்காதபோது இறந்தவரின் உடலை அவரோடு வாழ்ந்தவரிடம் தரலாம் என்று சுகாதாரத் துறையும் எழுதியது. ‘சொந்தக்காரர்கள் கிடைக்காதபோது’ என்ற இரண்டு சொல்லை நான் எத்தனையோ முறை திரும்பப் படித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு என்று முழுதாகச் செல்கிற பத்திரம் இல்லை. 2017-ஆம் வருட மனநலச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வயது வந்த யாரை வேண்டுமானாலும் என் பிரதிநிதி என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஆனால் அது மனநல சிகிச்சைக்கு மட்டும். மற்ற சிகிச்சைக்கு, ‘எனக்கு நினைவு தவறினால் இன்னாரிடம் சொல்லுங்கள், இன்னாரை உள்ளே விடுங்கள்’ என்று சுய நினைவோடு எழுதி, நோட்டரியிடம் சான்று வாங்கிக் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி கட்டாயம் ஏற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் ‘நீங்க யாரு?’ என்று கேட்பவர் முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டாம்.

இதற்கெல்லாம் வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

போன தை மாதம் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கனககிரி மலைக்கு எதிர்வெயில் விழுந்திருந்த நேரம். மூத்தவள் தறிக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. நாடாவை இப்போது இளையவள் ஓட்டுகிறாள். தறிக்குழிக்கு வெளியே நாற்காலி போட்டுக் கரையைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறாள் மூத்தவள். “அப்பவே எழுதியிருக்கணும், என் தப்பு” என்றேன். “இப்ப எழுதுங்கக்கா” என்றாள், வாய் லேசாகக் கோணியபடி.

பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதி, உயில் பெறுபவர் எழுதுபவருக்கு என்ன உறவு என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். ‘தோழி’ என்றால் போதும், சட்டம் அதற்கு மேல் கேட்காது. மூத்தவளைப் பார்த்தேன். அவள் இளையவளைப் பார்த்தாள். பிறகு எழுதினேன்: ‘என்னுடன் பதிமூன்று வருட காலமாக ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்ந்துவருபவர்.’ படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அடுத்த வாரம் பதிவு. கையெழுத்துப் போடத் தெரிந்தவள், இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தாள். முதல் சாட்சி எங்கள் தெருத் தறிக்காரர். இரண்டாவது சாட்சியாகப் போட ஒருவர் தாமாகவே பஸ் ஏறி வந்திருந்தார், தம்பி மனைவி. பெயரும் விலாசமும் எழுதி முடித்தவள், பேனாவை என்னிடம் கொடுக்காமல் இளையவளிடம் நீட்டி, “நீ சாப்டியா?” என்று கேட்டாள்.